கோபம், பயம், துக்கம் வந்தால் என்ன செய்வது? உடல்நலத்தையும் பண்பாட்டையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

கோபம் வந்தால் ஒரு சாரார் "அடக்கிக்கொள்" என்பார்கள். இன்னொரு சாரார் "மனசுக்குள்ளேயே வைக்காதே, கொட்டித் தீர்த்துவிடு" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. அடக்குவது சில இடங்களில் உடம்பைக் கெடுக்கிறது, சில இடங்களில் ஒன்றும் செய்வதில்லை. கொட்டித் தீர்ப்பது பல நேரம் கோபத்தைக் கூட்டத்தான் செய்கிறது. எந்த முறை உதவும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உணர்ச்சி எவ்வளவு தீவிரமாக இருக்கிறது, நிலைமையை மாற்றும் சக்தி உங்களிடம் இருக்கிறதா, சுற்றியிருப்பவர்கள் உங்கள் முகத்தையும் பேச்சையும் எப்படி எடுத்துக்கொள்வார்கள். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

மிரட்டலாகவோ அவமதிப்பாகவோ படும் ஒன்று நடந்த சில நொடிகளில், உடம்பை ஆபத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் மந்தமாகிறது. இந்த அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதன் பின்னால் கார்ட்டிசால் என்ற இன்னொரு நெருக்கடி ஹார்மோன் வருகிறது. அது சம்பவம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடத்தில்தான் உச்சத்தைத் தொடும். இறங்க ஒரு மணி நேரமோ கூடுதலாகவோ ஆகலாம். வாக்குவாதம் முடிந்து கால் மணி நேரத்தில் "இப்போ அமைதியாகிட்டேன்" என்று நினைத்து அனுப்பும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் வருத்தத்தில் முடிவது இதனால்தான். மனம் அடங்கியதாகத் தோன்றும் நேரத்தில் உடம்பு இன்னும் சண்டைக்களத்தில் நிற்கிறது.

இந்த ஏற்றம் தன்னளவில் கெடுதல் இல்லை. ஏறியது இறங்காமல் நிற்பதும், நாள்தோறும் பலமுறை ஏறுவதும்தான் கெடுதல். ஆராய்ச்சியாளர்கள் புரூஸ் மெக்யுவென், எலியட் ஸ்டெல்லர் இருவரும் 1993இல் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'அலோஸ்டாடிக் சுமை' என்பார்கள். நாளடைவில் அது உயர் ரத்த அழுத்தம், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, கலைந்த தூக்கம், தளர்ந்த நோயெதிர்ப்பு என்று வெளிப்படும்.

திடீர் ஆபத்தும் உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்த 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடுங்கோபத்துக்குப் பிந்தைய 2 மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. பயப்படுவதற்கு முன் கணக்கைச் சரியாகப் பாருங்கள்: இதயநோய் இல்லாத இளவயதினருக்கு அந்த வாய்ப்பு மிகமிகச் சிறியது, அதன் இரண்டு மடங்கும் சிறியதே. ஏற்கெனவே ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர் ஒவ்வொரு நாளும் கொந்தளித்தால்தான் கணக்கு மாறுகிறது. பெரும் துக்கத்திலோ அதிர்ச்சியிலோ இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிச் செயலிழக்கும் 'டக்கோட்சுபோ' நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் இது, மாரடைப்பைப் போலவே நெஞ்சுவலியோடு வரும்.

கை வைக்கக்கூடிய ஐந்து இடங்கள்

உணர்ச்சி ஒரே நொடியில் வெடிப்பது போலத் தோன்றினாலும் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் முன்வைத்த மாதிரி அந்த வரிசையில் ஐந்து இடங்களைக் காட்டுகிறது. ஓர் உதாரணத்தை வைத்துப் பார்த்தால் எளிது. வாராந்திரக் கூட்டத்தில் மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் உங்கள் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறார், உங்களுக்கு முகம் சிவக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இடம், நிலைமையைத் தேர்ந்தெடுப்பது: அந்தக் கூட்டத்துக்குப் போவதா, அறிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுவதா. இரண்டாவது, நிலைமையை மாற்றுவது: கூட்டத்துக்கு முந்தின நாளே அவரைத் தனியாகப் பார்த்து "குறை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், திருத்தி வைக்கிறேன்" என்று கேட்பது. மூன்றாவது, கவனத்தைத் திருப்புவது: அவர் தொனியை விட்டுவிட்டு, சொல்லும் குறைகளை மட்டும் தாளில் குறித்துக்கொள்வது. நான்காவது, பொருளை மாற்றிப் பார்ப்பது: "இவர் எல்லாரிடமும் இப்படித்தான், நேற்று பக்கத்து மேசைக்காரர், இன்று நான்." ஐந்தாவது, வந்துவிட்ட உணர்ச்சியின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது: முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

பெரும்பாலோர் ஐந்தாவது இடத்தில் மட்டுமே உழைக்கிறார்கள். அதிக உழைப்பு தேவைப்படுவதும் அங்கேதான், பலன் குறைவாக இருப்பதும் அங்கேதான். முதல் இரண்டு இடங்களை யாரும் 'உணர்ச்சியைக் கையாளுதல்' என்று கணக்கில் எடுப்பதே இல்லை; ஆனால் அதிக மிச்சம் தருபவை அவை.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

முறைகளுக்குப் போகும் முன் ஏழு நாள் குறிப்பு எடுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி போதும். அதில் இருக்க வேண்டியவை: நேரம், என்ன நடந்தது, உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, உணர்ச்சியின் பெயர், 0 முதல் 10 வரை தீவிரம், நீங்கள் செய்தது, ஒரு மணி நேரம் கழித்துத் தீவிரம் எவ்வளவு. பக்கத்தில் முந்தின இரவு தூங்கிய மணி நேரத்தையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் எழுதுங்கள்.

உதாரணமாக ஒரு வரி இப்படி இருக்கலாம்: "மாலை 6.40. மகன் மூன்றாம் முறை கூப்பிட்டும் வரவில்லை. தாடை இறுகியது. எரிச்சல், 7. கத்தினேன். 7.40க்கு: குற்ற உணர்ச்சி, 5. தூக்கம் 5 மணி நேரம். மதியம் 12க்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை." இந்த ஒரு வரியிலேயே, மகனைத் திருத்துவதற்கு முன் மாலை ஐந்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டால் பாதி சரியாகும் என்பது தெரிகிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு இரண்டு. ஒன்று, நாள் முடிவில் மொத்தமாக எழுதுவது. அப்போது உச்சமும் கடைசியும் மட்டுமே நினைவில் இருக்கும். இரண்டு, "அவன் மதிக்கவே மாட்டான்" என்ற தீர்ப்பைச் சம்பவமாக எழுதுவது. கேமரா பதிவு செய்யக்கூடியதை மட்டும் 'நடந்தது' பகுதியில் எழுதுங்கள். மற்றது உங்கள் விளக்கம்.

படி 2: சரியான பெயர் வையுங்கள்

"மனசு சரியில்லை", "டென்ஷன்" என்ற இரண்டுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது. எரிச்சல், ஆத்திரம், ஆற்றாமை, மனத்தாங்கல், அவமானம், பொறாமை எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் கோபமாகவே தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் கேட்பது வேறு. எரிச்சல் ஓய்வையும் சாப்பாட்டையும் கேட்கிறது. ஆற்றாமை ஏதாவது ஒரு சின்னக் காரியத்தையாவது நம் கையால் செய்யக் கேட்கிறது. மனத்தாங்கல் நெருக்கமானவரோடு ஒரு பேச்சைக் கேட்கிறது. அந்நியரிடம் நமக்கு மனத்தாங்கல் வருவதில்லை. அவமானத்துக்கு முதலில் தேவை, நம்மைக் குறைவாக நினைக்காத ஒருவரின் பக்கத்துணை. அவமானத்தைக் கோபம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், யாரையாவது அதே அளவு அவமதித்தால்தான் அடங்குவேன் என்று அலைவார்.

பெயர் வைப்பதே ஒரு மருந்து. மத்தேயு லீபர்மேன் குழு 2007இல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வில், படத்தில் தெரியும் முகத்தின் உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது, நெற்றிப்பக்க மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. "நான் இப்போது அவமானமாக உணர்கிறேன்" என்று ஒரு வாக்கியம், மனதுக்குள் சொன்னாலும் போதும். அதைத் தொடர்ந்து "ஏன் எனக்கே எப்பவும் இப்படி" என்று நீட்டினால் பெயர் வைத்தல் முடிந்து புலம்பல் தொடங்கிவிடும். பெயர் வைத்ததும் நிறுத்துங்கள்.

உணர்ச்சிக்குச் சொல்லே கிடைக்காதவர்களும் உண்டு. இந்த நிலைக்கு 'அலெக்சிதைமியா' என்ற பெயரை 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் கொண்டுவந்தார். அப்படிப்பட்டவர்கள் உடம்பிலிருந்து தொடங்கலாம்: நெஞ்சு இறுக்கம், தொண்டை அடைப்பு, வயிறு பிசைவது, தோள் கனப்பது. இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் எந்த இடம் எந்தச் சூழலோடு சேர்ந்து வருகிறது என்பது பிடிபடும்.

படி 3: தீவிரம் 7க்கு மேல் போனால் உடம்பை முதலில் இறக்குங்கள்

ஏழுக்கு மேல் இருக்கும்போது தர்க்கம் வேலை செய்யாது. "அவர் பக்கமிருந்து யோசித்துப் பார்" என்று அந்த நேரத்தில் யாராவது சொன்னால் ஆத்திரம் இன்னும் ஏறும். அப்போது செய்ய வேண்டியது உடம்பைத் தணிப்பது மட்டுமே.

*மெதுமூச்சு.* மூக்கால் 4 நொடி இழுத்து, 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம். வெளிமூச்சின் போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும் என்பதால் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, "ஆழமாக இழு" என்பதைப் பெரிய பெரிய மூச்சு என்று எடுத்துக்கொள்வது. பெரிதாகவும் வேகமாகவும் இழுத்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். பதற்றத்தில் இருப்பவர் அதைக் கண்டு இன்னும் பயந்துவிடுவார். மூச்சு மெதுவாக இருக்கட்டும், பெரிதாக இருக்க வேண்டாம். ஆறு நொடி முடியவில்லையென்றால் 3க்கு 4 என்று தொடங்குங்கள்.

*தசையை இறுக்கித் தளர்த்துதல்.* எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய முறை. கைமுட்டி, புஜம், தோள், முகம், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் 5 முதல் 7 நொடி இறுக்கி, 20 முதல் 30 நொடி விட்டுவிடுங்கள். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களுக்கு மெதுமூச்சைவிட இது பொருந்தும். முழு பலத்தோடு இறுக்க வேண்டாம், முக்கால் பலம் போதும். கெண்டைக்காலை அதிகம் இறுக்கினால் தசைப்பிடிப்பு வரும். அடிபட்ட இடத்தை விட்டுவிடுங்கள்.

*முகத்தில் குளிர்ந்த நீர்.* மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணையும் கன்னத்தையும் சுற்றி 15 முதல் 30 நொடி குளிர்ந்த நீரை வைத்தால் இதயத்துடிப்பு குறையும். இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.

*விலகிப் போதல்.* குறைந்தது 20 நிமிடம். போகும்போது ஒன்றும் சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனால் எதிரில் இருப்பவருக்கு அது தண்டனையாகத்தான் படும். "இப்போ பேசினா தப்பா ஏதாவது சொல்லிடுவேன். அரை மணி நேரத்தில் வர்றேன், அப்புறம் பேசலாம்" என்று நேரம் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். அந்த இடைவெளியில் வாதங்களை மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு இறங்காது. கவனத்தைப் பிடித்துவைக்கும் வேறு வேலை வேண்டும்: பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, கணக்குப் போடுவது.

இனி, கொட்டித் தீர்ப்பது பற்றி. தலையணையைக் குத்துவது, கத்துவது, பொருளை உடைப்பது எல்லாம் அந்த நொடியில் சுகமாக இருக்கும். ஆனால் 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான பகுப்பாய்வு, உடம்பின் கிளர்ச்சியைக் குறைக்கும் செயல்கள்தான் கோபத்தைக் குறைக்கின்றன என்று காட்டியது. கோபத்தோடு ஓடப்போவதுகூடப் பெரிதாக உதவவில்லை. ஓட்டம் வேறு நாள்களில் செய்ய வேண்டிய நல்ல பழக்கம். கொதித்துக்கொண்டிருக்கும் அந்த அரைமணிக்கு உரியது இல்லை.

படி 4: தீவிரம் 4 முதல் 6 வரை: பொருளை மாற்றிப் பாருங்கள்

இந்த அளவில் சிந்தனை வேலை செய்யும். மூன்று கேள்விகளை எழுதியே பதில் சொல்லுங்கள். நடந்ததற்கு என் விளக்கத்தைத் தவிர வேறு இரண்டு விளக்கங்கள் என்ன? இதே சம்பவம் நண்பருக்கு நடந்திருந்தால் அவருக்கு என்ன சொல்வேன்? ஆறு மாதம் கழித்து இது எவ்வளவு பெரிதாக இருக்கும்? பதில் உங்களுக்கே நம்பும்படியாக இருக்க வேண்டும். "எல்லாம் நன்மைக்கே" என்பதை நம்பாமல் சொல்லிக்கொண்டால் ஒன்றும் இறங்காது. "அவர் என் செய்தியைப் பார்த்தும் பதில் போடவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம்" என்பது சாதாரணமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை செய்யும்.

இன்னொரு உத்தி தன்னைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது. ஈதன் கிராஸ் குழுவின் ஆய்வுகளில், மனதுக்குள் 'நான்' என்று பேசிக்கொள்வதற்குப் பதில் சொந்தப் பெயரைச் சொல்லிப் பேசியவர்கள் மேடைப்பேச்சு போன்ற நெருக்கடிகளைச் சற்று எளிதாகச் சமாளித்தார்கள். "நான் என்ன செய்வேன்" என்பதற்குப் பதில் "செல்வி இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டுப் பாருங்கள். மனதுக்குள் மட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பொருளை மாற்றிப் பார்ப்பது எல்லா நேரமும் நல்லது கிடையாது. 2013இல் அலிசன் டிராய் குழு கண்டது இது: நம் கட்டுப்பாட்டில் இல்லாத நெருக்கடியில் இந்தத் திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, மாற்றக்கூடிய நெருக்கடியில் அதே திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சம்பளத்தைத் தள்ளிப்போடும் முதலாளியையோ கை நீட்டும் துணையையோ "அவருக்கும் ஆயிரம் கஷ்டம்" என்று மாற்றி யோசித்துக்கொண்டே இருந்தால், எழுந்து ஏதாவது செய்ய வைக்கும் கோபம் கரைந்துவிடுகிறது. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை இருக்கும் இடத்தில் உங்கள் உணர்ச்சியைத் திருத்த உட்காராதீர்கள். அங்கே திருத்த வேண்டியது நிலைமையை.

படி 5: மாற்ற முடிந்ததை மாற்றுங்கள், முன்கூட்டியே

உங்கள் ஒரு வாரக் குறிப்பில் திரும்பத் திரும்ப வரும் சம்பவம் ஒன்றை எடுங்கள். அதற்கு "இப்படி ஆனால், இதைச் செய்வேன்" என்ற வடிவில் ஒரே ஒரு திட்டம் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து பரவலாக்கிய உத்தி. "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்பது திட்டம் ஆகாது. "அவர் குரலை உயர்த்தினால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டபின் பதில் சொல்வேன்" என்பது திட்டம். தூண்டும் சம்பவம் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ கூடியதாக இருக்கட்டும். செயல் பத்து நொடிக்குள் முடியட்டும். ஒரே நேரத்தில் ஐந்து திட்டம் போட்டால் ஒன்றும் நினைவுக்கு வராது.

தூக்கமும் இந்தப் படியைச் சேர்ந்ததுதான். 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களின் அமிக்டலா, மனதைக் கலக்கும் படங்களைப் பார்த்தபோது மற்றவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. காபியில் உள்ள கஃபீனில் ஏறத்தாழ பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். படபடப்பு உள்ளவர்கள் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மது அப்போதைக்குத் தளர்த்தும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து மறுநாளைய பதற்றத்தைக் கூட்டும்.

அடக்குவதன் விலை: அது எந்தச் சமூகத்தில் என்பதைப் பொறுத்தது

ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரின் 1997 ஆய்வில், படம் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதிருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு உள்ளே உணர்ந்த துக்கம் குறையவில்லை. இதய ரத்தக்குழாய் மண்டலத்தின் கிளர்ச்சி கூடியது. பிந்தைய ஆய்வுகளில், அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் சொல்லப்பட்ட விவரங்கள் நினைவில் நிற்பது குறைந்தது. எமிலி பட்லர் குழு 2003இல் இன்னொன்றைக் கண்டது: உரையாடலில் ஒருவர் உணர்ச்சியை அடக்கியபோது எதிரில் உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. பேசும் முகம் எதையும் காட்டாவிட்டால் கேட்பவருக்கும் இருப்புக்கொள்ளாது போலும்.

இதோடு நிறுத்தி "ஆகவே அடக்காதே" என்று முடிப்பவர்கள் பலர். ஆனால் இந்த முதல் ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. பட்லர் குழுவே 2007இல் ஆசியப் பண்பாட்டு மதிப்புகளைக் கொண்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அடக்குவதால் உறவில் வரும் கெடுதல் அவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. 2011இல் ஜோஸ் சோட்டோ குழு ஐரோப்பிய அமெரிக்கர்களையும் ஹாங்காங் சீனர்களையும் ஒப்பிட்டது. முதல் குழுவில் அடக்கும் பழக்கம் மனநலக் குறைவோடு சேர்ந்து வந்தது. இரண்டாவதில் அப்படி வரவில்லை. டேவிட் மாட்சுமோட்டோ குழு 2008இல் 23 நாடுகளின் தரவை வைத்து ஒரு காரணத்தைக் காட்டியது: படிநிலையையும் குழு இணக்கத்தையும் மதிக்கும் சமூகங்களில் அடக்குவதும் பொருளை மாற்றிப் பார்ப்பதும் சேர்ந்தே போகின்றன; தனிமனிதப் போக்குள்ள சமூகங்களில் ஒன்று கூடினால் மற்றது குறைகிறது. அதாவது ஓரிடத்தில், பெரியவர் முன் அமைதியாக இருப்பவர் "இது மரியாதை" என்று மனதிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இன்னோரிடத்தில் அதே அமைதி "நான் நானாக இல்லை" என்ற உறுத்தலோடு வருகிறது. முகம் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு.

யார் முன் எந்த உணர்ச்சியை எவ்வளவு காட்டலாம் என்பதற்கான எழுதாத சட்டங்களை பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் இருவரும் 1969இல் 'வெளிப்பாட்டு விதிகள்' என்றார்கள். உங்கள் விதிகளைக் கண்டுபிடிக்க, படி 1இன் குறிப்பில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்:

- யார் முன்? (மூத்தவர், சமவயதினர், இளையவர், அந்நியர்)
- நான் ஆணாகவோ பெண்ணாகவோ இருப்பதால் இந்த உணர்ச்சிக்கு அனுமதி கூடுகிறதா குறைகிறதா?
- அடக்கியபோது உள்ளே இருந்தது ஒப்புதலா, பயமா?
- வீட்டுக்கு வந்தபின் அது தீர்ந்ததா, திரும்பத் திரும்ப ஓடியதா?

மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம். ஒப்புதலோடு அடக்கி, வீட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டால் அதைத் தொடாதீர்கள். யாரோ எழுதிய புத்தகத்துக்காக அம்மாவிடம் போய் "என் உணர்ச்சியை வெளிப்படுத்துகிறேன்" என்று தொடங்க வேண்டிய அவசியமில்லை. பயத்தால் அடக்கி, இரவில் மனதில் ஓடிக்கொண்டே இருந்தால் அங்கே வேறு வழி வேண்டும். நேரில் சொல்ல முடியாத சூழலில் மூன்றாம் ஆள் மூலம் சொல்வதும், எழுதிக் கொடுப்பதும், குறையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகச் சொல்வதும் முழுத் தகுதி உள்ள வழிகளே.

இரண்டு பண்பாடுகளுக்கு இடையில் வாழ்பவர்களுக்குச் சிக்கல் கூடுதல். அலுவலகத்தில் மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் ஆர்வமில்லாதவர் என்பார்கள்; வீட்டில் அதே தொனியில் பேசினால் திமிர் என்பார்கள். இதில் ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று முடிவு கட்டுவதைவிட, இடம் மாறும்போது விதி மாறுகிறது என்று தெரிந்து மாற்றிக்கொள்வதே உடம்புக்கு லேசு.

வேலையே முகத்தில் இருக்கும் தொழில்களும் உண்டு: விமானப் பணிப்பெண், செவிலியர், வாடிக்கையாளர் சேவை. ஆர்லி ஹோக்சைல்ட் 1983இல் இதை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். உதட்டில் மட்டும் சிரிப்பை ஒட்டிக்கொள்பவர்கள், "இவர் ஏதோ கஷ்டத்தில் கத்துகிறார்" என்று உள்ளேயும் மாற்றிக்கொள்பவர்களைவிடச் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் இடைவேளையில் யார் முன்னும் சிரிக்கத் தேவையில்லாத பத்து நிமிடத்தைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பின் மொழியில் வரும் துயரம்

துயரத்தை மனதின் சொற்களில் சொல்லாமல் உடம்பின் சொற்களில் சொல்லும் சமூகங்கள் ஏராளம். கொரியாவில் 'ஹ்வாப்யுங்', பல ஆண்டு அடக்கிய கோபம் நெஞ்சில் சூடாகவும் கட்டியாகவும் உணரப்படும் நிலை. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி யோசிப்பது; அங்கே அது நோயின் பெயர், நோயின் காரணமும் கூட. 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு குஃபுங்கிசிசாவைத் துயரத்தின் பண்பாட்டு வடிவங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது.

இது வெறும் தகவல் அல்ல, சிகிச்சையையே மாற்றியிருக்கிறது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா ஹராரே நகரில் 'நட்பு இருக்கை' திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற சமூகப் பாட்டிமார்கள் சுகாதார மையத்துக்கு வெளியே மர இருக்கையில் அமர்ந்து, மனச்சோர்வு என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், குஃபுங்கிசிசா என்றே பேசி, ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு செயலைத் திட்டமிட உதவுகிறார்கள். 573 பேர் பங்கேற்ற பரிசோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, இருக்கையில் பேசி உதவி பெற்றவர்களின் அறிகுறிகள் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. வீட்டில் மூத்தவர் "நெஞ்சு கனக்குது" என்றால் "உங்களுக்கு டிப்ரெஷன்" என்று திருத்தாமல், "எப்போ கனக்குது, யார் வந்து போனப்புறம் கனக்குது?" என்று அவர் சொல்லிலேயே கேளுங்கள். அதற்கு முன், அந்தக் கனம் இதயத்தால் வந்ததா என்று மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

எழுதுதல், பேசுதல்

பழைய காயம் ஒன்று விடாமல் அரிக்கிறதென்றால் எழுதிப் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், அந்தச் சம்பவத்தையும் அப்போதைய உணர்ச்சியையும் எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுவது. யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடலாம். எழுதி முடித்த ஒன்றிரண்டு மணி நேரம் மனம் கனத்திருக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே. ஆகவே தூங்கப்போகும் நேரத்தில் எழுதாதீர்கள். மூன்றாம் நான்காம் நாள் எழுத்தில் "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் வரத் தொடங்கினால் பலன் இருக்கிறது. நான்கு நாளும் ஒரே பக்கத்தைத் திரும்ப எழுதியது போல இருந்தால் நிறுத்திவிடுங்கள். சம்பவம் நடந்து சில நாள்களே ஆகியிருந்தாலும், எழுத எழுதத் தாங்க முடியாமல் போனாலும் இந்த முறை வேண்டாம்.

பேசுவதிலும் அளவு உண்டு. நெருங்கிய இருவர் ஒரே குறையை நாள்தோறும் கிளறிக்கொண்டிருந்தால் நட்பு இறுகும், மனச்சோர்வும் சேர்ந்தே கூடும். முதல் பத்து நிமிடம் என்ன நடந்தது, எப்படி இருந்தது, அதற்குப் பிறகு "சரி, நாளைக்கு என்ன செய்யலாம்?" கேட்பவர் இந்த இரண்டாம் பகுதிக்கு அவசரப்பட்டாலும் தவறு, அதற்குப் போகவே இல்லையென்றாலும் தவறு.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு வாரம் குறிப்பு எடுத்து, முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள். உணர்ச்சியே வரவில்லையா என்று பார்க்காதீர்கள். உச்சம் குறைந்ததா, இறங்க எடுக்கும் நேரம் குறைந்ததா, வருந்தும்படி செய்தவை எத்தனை என்று பாருங்கள். பொதுவாக முதலில் சுருங்குவது இறங்கும் நேரம்தான். உச்சம் குறைய நாளாகும். எதுவும் நகரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: 8இல் இருக்கும்போது படி 4ஐ முயன்றிருப்பீர்கள், மெதுமூச்சை நெருக்கடியில் மட்டும் செய்து, சாதாரண நாள்களில் ஐந்து நிமிடம் பழகியிருக்க மாட்டீர்கள், அல்லது மாற்ற வேண்டிய நிலைமையை மாற்றாமல் மனதை மட்டும் பழக்கிக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்

நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை இருந்தால் "டென்ஷனால்தான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்; உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காரணமில்லாத படபடப்பும் எடை இழப்பும் சேர்ந்து வந்தால் தைராய்டையும், சோர்வும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் ரத்தசோகையையும் பரிசோதிப்பது நல்லது. மனத்தளர்ச்சியோ எதிலும் நாட்டமின்மையோ பெரும்பாலான நாள்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து வேலையையும் தூக்கத்தையும் பாதித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாடுங்கள். மருத்துவரிடம் போகும்போது உங்கள் ஒரு வாரக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் வாயால் சொல்லி முடிக்க முடியாத விவரம் அதில் இருக்கும்.